கீழேயிருந்து வந்த வெயில்

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதை எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. அப்போது எனக்குள் ஓடியது ஒரே ஒரு கேள்விதான்: என் கீழுதட்டை வெட்டி எடுத்துவிடுவார்களா? இப்போது உதடு ஆறிவிட்டது. கஞ்சியை விட்டுச் சோற்றுக்கு வந்திருக்கிறேன். என்னைப் போன்ற தோலோடு பிறந்த ஒரு பிள்ளை, ஏதாவதொரு கரையில், வெயில் படாத இடம் என்று நம்பி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் பிள்ளையின் வீட்டார் கண்ணில் இது பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பிறவியிலேயே நிறம் கிடையாது. முடி, புருவம், கண்ணிமை எல்லாம் சோளநார் போல வெளுப்பு. அல்பினிசம் என்று மருத்துவத்தில் சொல்கிறார்கள். வெயிலைத் தடுப்பதற்காகத் தோலுக்குள் எல்லோருக்கும் ஒரு கறுப்புச் சாயம் ஊறும். எனக்கு அது ஊறுவதில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குள்ளும் அந்தச் சாயம் இல்லாததால் பார்வையும் குறைவு. புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துத்தான் படிப்பேன்.

கிண்ணியாவில் எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'சுத்தா' என்பார்கள். வெள்ளைக்காரனுக்குச் சிங்களத்தில் உள்ள சொல் அது. ஒருமுறை உப்புவெளிக் கடற்கரையில் இளநீர் விற்றவர் எனக்கு ஆங்கிலத்தில் விலை சொன்னார்.

"காக்கா, நான் கிண்ணியாப் பொடியன்" என்றேன். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பாதியத் தாங்க" என்றார்.

வாப்பா, என் தகப்பன், களப்பு என்கிற கடலோர உப்புநீர் ஏரியில் வலை போடுகிறவர். எழுத்துத் தெரியாது. என் இரண்டு காக்காமாரும் மீசை முளைக்கும் முன்பே வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். என்னையும் ஒருநாள் ஏற்றிப் பார்த்தார்கள். அன்று முதுகெல்லாம் கொப்பளித்து, குப்புறப் படுத்தே பல நாள் கிடந்தேனாம். வள்ளத்துக்கு ஆகாதவன் என்றுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படிக்க வைத்தது என் தோல்.

படிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டுக்குள் இருட்டு, தகரக் கூரையின் வெக்கை வேறு. வெளியே போனால் வெயில். வாப்பா யோசித்து, களப்போரத்தில் எனக்கென்று ஒரு வாடி கட்டித் தந்தார். வலை, சாமான் வைக்க மீன்பிடிகாரர் கட்டும் ஓலைக் குடில்தான் வாடி. மூன்று பக்கமும் பின்னிய தென்னோலைக் கிடுகை நிலத்தைத் தொடும்வரை இறக்கிக் கட்டி, தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து விட்டார். காற்றும் வரும், படிக்க வெளிச்சமும் வரும். சாதாரணதர, உயர்தரப் பரீட்சைகளுக்கு நான் அதற்குள் இருந்துதான் படித்தேன். பட்டம் முடித்து பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்த பிறகும், லீவு நாட்களில் அடுத்த பரீட்சைக்கு அங்கேதான் படித்தேன். "ஒரு பொட்டு வெயில் உள்ள வராது" என்று வாப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார்.

வெயில் உள்ளே வரவில்லை என்பது உண்மை.

உதட்டில் தொடங்கியதை முதலில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கீழுதடு எப்போதும் காய்ந்து தோலுரிந்தது. உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்ற கோடு மெல்ல அழிந்து போனது. நாக்கால் தடவினால் மண்கடதாசி போலச் சொரசொரவென்று இருக்கும். உம்மா நெய் பூசிவிட்டார். பிறகு ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. அது ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டின்போது கண்டுபிடித்தது தாத்தா. எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவோம்.

"டேய், உன்ட சோத்துல என்ன சிவப்பு?"

"சம்பல்."

"நான் இன்டைக்குச் சம்பல் வைக்கல்லையே."

உம்மா என் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போனார். திரும்பி வர நேரமெடுத்தது.

திருகோணமலையில் தோல் கிளினிக் நடக்கும் நாளில் வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவன். ஆனாலும் அவர் கூட வந்தாக வேண்டும். தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து என் தலைக்கு மேல் குடை பிடித்தார். ஆஸ்பத்திரி விறாந்தைக்குள் வந்த பின்னும் மடக்கவில்லை.

"வாப்பா, மேல கூரை இரிக்கி."

"இரிக்கட்டும்."

வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கரிச்சட்டி நிறம், நான் இப்படி. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அன்று மட்டும் அவர்கள் என் உதட்டையே பார்ப்பதாகத் தோன்றியது. கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தோல் மருத்துவர் ஒரு சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் பேசுவார். என் நெற்றி, காது, பிடரி எல்லாம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு என் தாடையைப் பிடித்து மேலே தூக்கினார். அடிப்பக்கத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தார். அங்கேயே நெடுநேரம் நின்றார்.

"தொப்பி போடுறது தானே?"

"ஓம் டொக்டர், எப்பவும்."

"மேலே நல்லம். கீழேதான் பழுது. எங்க இருக்கிறது பகலில?"

நான் வாய் திறக்கும் முன் வாப்பா சொன்னார். "வாடிக்குள்ள டொக்டர். நான்தான் கட்டின. ஒரு பொட்டு வெயில் உள்ள வராது."

"வாடிக்கு முன்னுக்கு என்ன?"

"களப்பு" என்றார் வாப்பா, சந்தோசமாக. "நல்ல காத்து."

மருத்துவர் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். நிழல் மேலேயிருந்து வருகிற வெயிலை மட்டும்தான் தடுக்கும், களப்புத் தண்ணீர் வெயிலைத் திருப்பி எறியும், அது கீழேயிருந்து வந்து கீழுதட்டிலும் தாடையடியிலும் விழும் என்றார். தொப்பி அதற்கு ஒன்றும் செய்யாது. பத்து வயதிலிருந்து அங்கேதான் இருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் இந்த உதட்டுக்கு வயது ஐம்பதுக்கு மேல் என்று சொல்லலாம் என்றார். இது புற்றுநோயாக மாறத் தொடங்கியிருக்கலாம், மாறியும் இருக்கலாம் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?" என்று வாப்பா கேட்டார்.

"இன்னும் அகலமான தொப்பி போடச் சொல்றாங்க வாப்பா."

"வாங்குவம்" என்றார் அவர்.

அன்றே உதட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். பயாப்சி என்றால் அதுதான்: கடுகை விடக் கொஞ்சம் பெரிய சதைத் துண்டை வெட்டியெடுத்து, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது. பல்லுப் பிடுங்கும்போது போடுகிற மாதிரி ஓர் ஊசி போட்டு விறைக்க வைத்தார்கள். வலிக்கவில்லை. நூல் போட்டுத் தைப்பதுதான் தெரிந்தது, யாரோ தூரத்தில் நின்று என் முகத்தை இழுப்பது மாதிரி.

லேசரால் எரித்துவிடலாமே, ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்டேன். போனில் படித்துவிட்டுப் போயிருந்தேன். எரித்தால் எல்லாம் ஆவியாகிவிடும், அது என்ன நோய் என்று பார்க்க எதுவும் மிஞ்சாது என்றார் மருத்துவர். அழகு நிலையங்களில் முகத்துப் புள்ளிகளை ஒன்றும் பார்க்காமல் லேசரால் அழித்துவிட்டு, வருடம் கழித்து ஆழத்தில் வளர்ந்த கட்டியோடு வருகிறவர்களைக் கண்டிருக்கிறாராம். ஆறாத புள்ளி எதுவானாலும் முதலில் சதைப் பரிசோதனை, பிறகுதான் லேசர். இதை வாசிக்கிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களை எப்படிச் சொல்வது? செயலகத்தில் வேலை ஓடவில்லை. போனை மூக்கில் ஒட்டி வைத்து உதட்டுப் புற்றுநோய்ப் படங்களைப் பார்த்தேன். அப்பத்தில் ஒரு துண்டு வெட்டினாற்போல உதட்டை எடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்த வாய்கள். பார்க்கக்கூடாது என்று போனைக் கவிழ்த்து வைப்பேன். பிறகு எடுத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் அறைக்குள் தனியே இருந்து, உதடில்லாமல் பேச முடியுமா என்று சோதித்தேன். கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு "வாப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. "உம்மா" என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. கண் கலங்கிவிட்டது. "தாத்தா" என்றேன். அது மட்டும் தெளிவாக வந்தது.

"என்னடா?" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாததுக்கு என்னத்துக்கு இவ்வளவு சத்தமாக் கூப்பிடுற? பிளேன்டி வேணுமெண்டா வேணும் எண்டு சொல்லு." கொஞ்ச நேரத்தில் தேநீரோடு வந்தார். ஆற வைத்து, கரண்டியும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் கேட்கவில்லை. தையல் போட்ட உதட்டில் கோப்பை விளிம்பு பட்டால் நோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முடிவை வாங்கப் போனேன். மருத்துவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அணுக்கள் மிகக் கெட்டிருக்கின்றன, ஆனால் மேல்படலத்தோடு நிற்கின்றன, அடியில் இறங்கவில்லை. புற்றுநோய்க்கு வாசற்படி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெட்டுவதா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், கெட்ட படலம் முழுவதையும் லேசரால் உரித்தெடுக்கலாம், பக்கத்தில் உள்ள நல்ல தோல் ஊர்ந்து வந்து மூடும் என்றார். "ஆனால் நாங்கள் எடுத்த துண்டில்தான் இறங்கவில்லை. மற்ற இடத்தைப் பற்றி நான் சத்தியம் செய்ய முடியாது."

கடைசி வசனத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. உம்மா இரண்டு ரக்கஅத் தொழுதுவிட்டு வந்து என் தலையில் கைவைத்தார். அந்த வசனம் மட்டும் எனக்குள் கிடந்து உருண்டது.

லேசருக்குக் கண்டிக்கு எழுதிக் கொடுத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் உம்மாவுக்கு ஒரே கேள்வி.

"லேசர் எண்டா என்ன மகன்?"

"வெளிச்சம் உம்மா. ஒரே இடத்துல குவிச்சு விடுற வெளிச்சம்."

உம்மா பயந்துபோய் வாப்பாவைப் பார்த்தார். "வெளிச்சம் பட்டுத்தானே புள்ளைக்கு இந்த நெலம. திரும்பவும் வெளிச்சத்தாலயே சுடப் போறாங்களா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தோலில் உள்ள தண்ணீரை அந்தக் கதிர் கண்மூடித் திறப்பதற்குள் கொதிக்க வைக்கும், அணுக்கள் ஆவியாகும், கடதாசிக் கனத்துக்கு ஒவ்வொரு படலமாகப் போகும், நிறம் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கதிர் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்கி முடிந்ததும் உம்மாவை விட எனக்குத்தான் கூடப் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து வெளிச்சத்தைக் கண்டு ஓடியவன் நான்.

கண்டியில் லேசர் அறைக்கு வெளியே இருந்தவர்கள் அநேகமாகப் பெண்கள். முகத்தில் மங்கு விழுந்தவர்கள், அம்மைத் தழும்பு உள்ளவர்கள், நெருப்புச் சுட்ட கையோடு ஒரு பிள்ளை. பக்கத்தில் மாத்தளையிலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தார். அவருக்குக் கன்னத்தில் மங்கு. என்னைப் பார்த்ததும் சங்கடமே இல்லாமல் கேட்டார்.

"தம்பி, நீங்க எதுக்கு வந்தீங்க? நாங்க எல்லாம் உங்க கலர் வரணுமுன்னுதானே இங்க குந்திக்கிட்டு இருக்கோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு வெடித்து இரத்தம் வந்தது. அவர் பதறிப்போனார். கைப்பையைக் கிண்டி பஞ்சு எடுத்துத் தந்தார். "வாயத் தெறக்காதீங்க தம்பி, நான் வெளயாட்டுக்குச் சொன்னேன்" என்றவர், அதன் பிறகு என் முறை வரும்வரை பேசாமல் பக்கத்திலேயே இருந்தார். உள்ளே கூப்பிட்டபோது, "பயப்படாதீங்க. எனக்கு ரெண்டு தரம் புடிச்சாச்சு. ரப்பர் பேண்டால அடிக்கிற மாதிரித்தான்" என்றார்.

என்னுடையது அவருடையதைப் போல மேலோட்டமான லேசர் அல்ல. அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

உள்ளே மேசையில் படுக்க வைத்தார்கள். கண்ணில் மருந்து விட்டு விறைக்க வைத்து, இரண்டு கண்ணுக்கும் உலோகத்தால் செய்த சிறிய மூடிகளை வைத்தார்கள். கதிர் தவறிப் பட்டாலும் கண் போகக்கூடாது என்பதற்காக. என் வாழ்க்கையில் முதன்முறையாக முழு இருட்டு. கண்ணை மூடினாலும் என் இமைக்குள் வெளிச்சம் ஊடுருவும். அன்று ஒன்றுமே இல்லை. உதட்டைச் சுற்றி ஈரத்துணி வைத்தார்கள், தீப்பிடிக்காமல் இருக்கவாம். அதைச் சொல்லாமலே வைத்திருக்கலாம்.

ஊசி போட்டார்கள். உதடு என்னுடையதல்லாமல் ஆனது. பக்கத்தில் ஒரு மெஷின் உறிஞ்சத் தொடங்கியது. புகையை இழுப்பதற்கு. அப்போதுதான் புகை வரும் என்றே எனக்கு உறைத்தது. டிக், டிக் என்று ஒரு சத்தம். அதோடு ஒரு மணம். கோழியை வாட்டும்போது வரும் மணம். அது நான்தான்.

மனதுக்குள் ஓத நினைத்த எதுவும் ஞாபகம் வரவில்லை. சிறு வயதில் பாடமாக்கியவை எல்லாம் போய்விட்டன. விரலால் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மருத்துவர் நிறுத்தி, ஈரப்பஞ்சால் கரியைத் துடைத்து, பார்த்து, மறுபடி தொடங்கினார். ஓரிடத்தில் அவர் நிறுத்தியது மற்ற இடங்களை விடக் கூடுதலாக நீண்டது. தாதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். வேறு விளக்கை இழுத்துப் பார்த்தார்கள். இறங்கியிருக்கிறது, கண்டுவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டினேன். கேட்கவும் ஏலாது, வாய் அவர்கள் கையில். பிறகு மறுபடியும் டிக், டிக்.

முடிந்ததும் கேட்டேன். விறைத்த உதட்டால் கேட்டது அவருக்கு விளங்கியதா தெரியவில்லை. "பயாப்சி எடுத்த தழும்பு. அதைத்தான் பார்த்தேன்" என்றார். நம்பினேனா? பாதிதான் நம்பினேன்.

உதடு இறால் போலச் சிவந்து வீங்கியதால் வீட்டுக்கு விடாமல் வார்டில் மறித்துவிட்டார்கள். மஞ்சள் நீர் வடிந்துகொண்டே இருந்தது. உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றுவது, வஸ்லின் பூசுவது, மறுபடி ஒற்றுவது. காய விடக்கூடாது. ஆறும்போது உள்ளேயிருந்து அக்கி கிளம்பாமல் இருக்க ஒரு குளிசை விழுங்க வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வாப்பாவை வெளியே அனுப்பினார்கள். போவார். கொஞ்சத்தில் ஜன்னலுக்கு வெளியே அவருடைய குடை மட்டும் தெரியும். மழையும் இல்லை வெயிலும் இல்லை. குடை தெரிந்தால் எனக்குப் பார்க்க இலகு என்று விரித்துப் பிடித்திருந்தார்.

வார்டிலிருந்து விடுவிக்கும் நாளில், வீட்டில் செய்ய வேண்டியதைத் தாதி சிங்களத்தில் வேகமாகச் சொன்னார். என் சிங்களம் பாடப்புத்தகத்துச் சிங்களம். பாதியில் விட்டுவிட்டேன். வாப்பாவின் சிங்களம் மீன்சந்தைச் சிங்களம். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு தாதியிடம் ஏதோ திருப்பிக் கேட்டார். கேட்கும்போது ஒரு கையைத் தட்டையாக விரித்து, தண்ணீர் போல அசைத்தார். அந்தக் கையையே நிமிர்த்தித் தன் தாடையடிக்குக் கொண்டுபோனார். தாதி தலையாட்டினார்.

வாப்பாவின் கை தாடையடியிலேயே நின்றது.

"என்ன கேட்டீங்க வாப்பா?"

"மருந்து எப்பெப்ப பூசுற எண்டு" என்றார்.

பஸ்ஸில் கிண்ணியா வரும்வரை அவர் வெயில் விழும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். வெயில் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் எழுந்து இடம் மாறச் சொன்னார்.

பல நாள் என்னை வெளியே விடவில்லை. உம்மா கஞ்சியைத் துணியில் வடித்துத் தந்தார். தாத்தா வீட்டில் மிளகாய் வறுப்பதையே நிறுத்தினார், நெடி பட்டு நான் தும்மினால் உதடு வெடிக்குமென்று. காக்காமார் முணுமுணுக்காமல் உப்புச்சப்பில்லாத கறி தின்றார்கள். பொருக்கு உதிர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாக ஒரு புது உதடு வந்தது. கண்ணாடியில் பார்க்க வேறு யாருடையதோ போலிருந்தது. நாக்கால் தொட்டேன். வழவழப்பாக இருந்தது.

ஒரு பின்னேரம், வெயில் நன்றாக இறங்கிய பிறகு, களப்புப் பக்கம் போனேன். வாடி திரும்பி நின்றது. தண்ணீர்ப் பக்கம் நிலம்வரை புதுக் கிடுகு கட்டி மூடியிருந்தது. அதன் மேல் பழைய படங்குத் தார்ப்பாய் ஒன்றும் போர்த்தியிருந்தது. வாசலைப் பிரித்து எங்கள் குசினிப் பக்கமாக வைத்திருந்தார். வாப்பா உள்ளே குந்தியிருந்து கடைசிக் கட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் வாசலில் நின்றேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பொம்புள டொக்டர் இங்கிலீசில சொன்னது இதத்தானே?"

"ஓம் வாப்பா."

"தொப்பி எண்டு சொன்னாய்."

"ஓம்."

ஒரு கட்டை இழுத்து முடிச்சுப் போட்டார். "நல்லாத்தான் படிச்சிருக்காய்" என்றார். எழும்பி வெளியே வந்து, வாடியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். "காத்து வராது, மகன். அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

"பரவாயில்ல வாப்பா."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தோல் இருக்கும்வரை இது முடியாது. ஒன்று போனால் இன்னொன்று வரலாம் என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். அதனால் இப்போது விடிய வள்ளத்துக்குப் போகுமுன் வாப்பா என்னை வாசலுக்குக் கூப்பிடுகிறார். உப்பில் வெடித்த விரலால் என் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறார். அங்கும் இங்கும் திருப்பிப் பார்க்கிறார். அவருக்குக் கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறது. கடுகளவு ஒன்று வந்தால் அவரால் காண முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஒண்டுமில்ல" என்பார் கடைசியில்.

அவர் அதைச் சொல்லும்வரை நான் மூச்சு விடுவதில்லை.